அன்புள்ள பேஷன்ஸுக்கு

"கத்தியை இன்னும் கொஞ்சம் சூடாக்குங்க. அரக்கு உடைஞ்சா மாட்டிக்குவோம்" என்றாள் டார்கஸ்.

கணவன் ஆசா கத்தியை அடுப்பில் காட்டினான். "அடுத்தவங்க கடுதாசிடி இது."

"நம்ம சத்திரத்து மேசையிலதானே கிடக்குது? தபால் குதிரை வர்ற வரைக்கும் நம்ம பொறுப்பு. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எப்படிப் பொறுப்பா இருக்கிறது?"

கனெக்டிகட்டின் அந்தச் சிற்றூரில் கடிதம் வைக்க வேறு இடம் கிடையாது. அந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறவர் காசு கொடுக்க வேண்டாம். வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும். அதனால் எல்லோரும் தாராளமாக எழுதினார்கள். டார்கஸும் தாராளமாகப் படித்தாள்.

இன்று அகப்பட்டது, கெசியா தன் பாஸ்டன் தோழி பேஷன்ஸுக்கு எழுதியது. கெசியாவுக்கும் சபை மூப்பர் பீலெக்குக்கும் கல்யாணம் என்று தேவாலயக் கதவில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. மூப்பருக்குக் கல்லறையில் இரண்டு மனைவிகள், பட்டி நிறைய ஆடுகள். கெசியா மாட்டேன் என்று அழுது பார்த்தாள். அவள் அப்பாவுக்கு ஆடுகள் மட்டும்தான் கண்ணில் பட்டன.

டார்கஸ் உரக்கப் படித்தாள். "'அன்புள்ள பேஷன்ஸ், கல்யாணம் முடிந்த மறுநாளே செத்துப்போன மனைவிகளின் வெள்ளிக் கரண்டிகளை உருக்கி, என் செருப்புக்குக் கொக்கி செய்துகொள்ளப் போகிறேன். நான் தூக்கத்தில் கோடரியோடு நடப்பது மூப்பருக்கு இன்னும் தெரியாது. நீயும் வாயைத் திறந்துவிடாதே.'"

ஆசாவின் கையிலிருந்து கத்தி நழுவியது.

"தேவாலயத்துல தலையே நிமிரமாட்டா. எவ்வளவு அழுத்தம் பாருங்க" என்றாள் டார்கஸ்.

"யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே."

"நான் எதுக்குச் சொல்றேன்? மூப்பரோட தங்கச்சி காதுல மட்டும் ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேன். ஒரு மனுஷன் உயிர் விஷயம்."

பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மூப்பர் தானே போய்க் கதவிலிருந்த தாளைக் கிழித்தார். வீட்டிலிருந்த கோடரிகளையும் பெட்டியில் பூட்டினாராம்.

கெசியாவின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். கோடரிக்காரியைக் கட்டிக்கொள்ள யார் வருவான்? பீப்பாய் செய்யும் ஜோயல் வந்தான். அவனிடம் ஓர் ஆட்டுக்குட்டிகூட இல்லை. ஆனாலும் அவன் மனசு மாறுவதற்குள் அப்பா சரி என்றுவிட்டார்.

அடுத்த மாதம் கெசியா சத்திரத்துக்கு வந்தாள். டார்கஸுக்கு மனசு உறுத்தியது. ஆப்பிள் மது ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஊர் வாயை விடு கண்ணு. எவ கிளப்பிவிட்டாளோ, நல்லா இருக்கட்டும்."

"நல்லா இருக்கட்டும் அத்தை" என்றாள் கெசியா. அவள் மனசாரத்தான் சொன்னாள்.

வாசலில் குதிரை நின்றது. தபால்காரன் உள்ளே வந்து ஒரு கடிதத்தை மேசையில் போட்டான். "பாஸ்டன்ல இதை வாங்க ஆளில்லை. தெருத்தெருவா விசாரிச்சாச்சு. அந்தப் பேர்ல யாருமே கிடையாதாம்."

டார்கஸ் எடுத்துப் பார்த்தாள். கெசியாவின் கையெழுத்து. தான் கத்தி வைத்த அதே அரக்கு.

"என்னடி இது? உன் தோழி பேஷன்ஸ் எங்க போனா?"

கெசியா கோப்பையைக் காலி செய்துவிட்டு எழுந்தாள். "எனக்குப் பாஸ்டன்ல யாரையும் தெரியாது அத்தை. கடுதாசி போக வேண்டிய இடத்துக்கு அன்னிக்கே போய்ச் சேர்ந்திருச்சு."