நாலாவது டை

மேவிஸ் வண்டியை நிறுத்திவிட்டுத் துப்பாக்கிக் கடைக்குள் வருவதற்குள் அவள் கணவர் எல்வுட் கவுன்ட்டரில் சாய்ந்து பேரத்தில் இறங்கிவிட்டிருந்தார்.

"ஊசி தடியா இருக்கணும் தம்பி. பட்டாளத்துக் கூட்டுல கேப் இறுகிப்போய்க் கிடக்கும். போன தடவை ஊசி ஒடிஞ்சுபோச்சு."

மேவிஸ் கவுன்ட்டரை எட்டிப் பார்த்தாள். மறுபடியும் அதே டை! சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை மறுபடி அடைப்பதற்கு முன், அதன் அடியில் இருக்கும் பழைய வெடிக் கேப்பைத் தள்ளி எடுக்கிற, விரல் நீள இரும்புச் சாமான். வீட்டு மேஜையில் அதே டை மூன்று, உறைகூடப் பிரிக்காமல் கிடந்ததைக் காலையில்தான் பார்த்தாள். மூன்றும் இப்போது அவள் கைப்பையில் இருந்தன.

கடைக்காரன் டார்பி இன்னும் நாலைந்தை எடுத்துப் பரப்பினான்.

"இது ஊசி மாத்திக்கலாம் பெரியவரே. இது எல்லா அளவுக் கூட்டுக்கும் சரியா வரும். நிதானமாப் பாருங்க."

எல்வுட் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மேவிஸ் அவர் கையையே பார்த்தாள். போன வாரம் சூப்பில் இரண்டு தடவை உப்பைப் போட்டுவிட்டுச் சிரித்த மனுஷர். அதே கை ஒரே கூட்டில் இரண்டு தடவை வெடிமருந்தைப் போட்டால்? துப்பாக்கி சுடுகிறவர் முகத்திலேயே வெடிக்கும். சனிக்கிழமை மான் வேட்டை ஆரம்பம். பேத்தி டெஸ்ஸா, தாத்தா அடைத்த தோட்டாதான் ராசி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"இதான். இதையே குடு," என்றார் எல்வுட். உறை பிரிக்காத மூன்றும் அதே ரகம்தான்.

"எடுத்துட்டுப் போங்க. போட்டுப் பாருங்க, பிடிச்சா அப்புறம் பேசிக்கலாம்."

'எல்லாத்துக்கும் சேர்த்து மொத்தமாப் பணத்தைக் கறந்துடுவான்' என்று நினைத்துக்கொண்டாள் மேவிஸ்.

"நீங்க வண்டியில உக்காருங்க, வந்துடறேன்," என்று கணவரை அனுப்பினாள். கதவு சாத்தியதும் கைப்பையைக் கவிழ்த்தாள். மூன்று டைகளும் கவுன்ட்டரில் உருண்டன.

"உனக்கே நல்லா இருக்கா டார்பி? ஞாபகம் தப்பிப்போன மனுஷன்னு இந்த ஊருக்கே தெரியும். அவர் தலையில ஒரே சாமானை நாலு தடவை கட்டறியே?"

டார்பி மூன்றையும் எடுத்துத் துடைத்து அலமாரியில் மாட்டினான்.

"நல்லவேளை கொண்டுவந்தீங்கம்மா. அடுத்த தடவைக்குக் காட்டறதுக்கு இந்த ரகம் இல்லாம இருந்தேன்."

"அடுத்த தடவை வேறயா? அவர் அந்த அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினா, எப்ப வெடிக்குமோன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு அடுப்படியில நிக்கறேன். சனிக்கிழமை அந்தப் பொண்ணு முகத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னால தாங்க முடியுமா?"

"டெஸ்ஸாவுக்கு ஒண்ணும் ஆகாது. அவ கையில இருக்கறது நான் அடைச்ச தோட்டா. தாத்தாவுக்குத் தெரியக் கூடாதுன்னு அவளே வந்து வாங்கிட்டுப் போனா."

மேவிஸ் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். 

"அப்ப வீட்டுல அவர் என்னதான் பண்றாரு?"

"வெறும் கூட்டைத் தட்டித் தட்டி அடுக்கறாரு. வீட்டுல இருந்த மருந்து பனி உருகறதுக்கு முன்னாடியே தீர்ந்துபோச்சு. என்னை விட்டா இந்தப் பக்கத்துல வாங்க வேற கடையும் கிடையாது."

"எல்லாம் சரி. இந்த டையை ஏன் திரும்பத் திரும்ப விக்கறே?"

டார்பி கண்ணாடி வழியே வெளியே பார்த்தான். எல்வுட் வண்டியில் உட்கார்ந்து புது டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அவர் டை கேட்டு வர்றதே இல்லைம்மா. ஒவ்வொரு தடவையும் 'மருந்து ஒரு டப்பா குடு'ன்னுதான் வர்றாரு. குடுக்க மாட்டேன்னு சொன்னா சண்டைக்கு நிப்பாரு. அதான் இதை எடுத்துப் பரப்பறேன். நல்லதாப் பார்த்து எடுக்கறதுக்குள்ள, எதுக்கு வந்தோம்கறதே மறந்துபோயிடறாரு."