ஒத்துப்போகாத அளவுகள்

தொண்டை அறுவைச் சிகிச்சையில் குரலை இழந்த எஸ்தர் டீச்சர் தான் முன்பு பாடிப் பதிவு செய்த பாட்டைக் கேட்பதற்காக அக்கா ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்தாள். உயரம், அகலம், ஆழம் மூன்றும் சமம். தேக்கு மினுமினுத்தது. ஆனால் ஒரு கீழ் ஸ்வரம் வரும்போதெல்லாம் பெட்டியும் சேர்ந்து முனகியது. இது தன் குரல் இல்லை என்று டீச்சர் தலையாட்டினார்.

"உள்ள பஞ்சைத் திணிச்சு விடேன்டி. இவ்வளவு அழகை அறுக்கணுமா?" என்றாள் அம்மா, அக்கா ரம்பத்தை எடுத்ததைப் பார்த்து.

"எல்லாச் சுவரும் ஒரே தூரத்துல நின்னா ஒரே ஸ்வரத்தைத்தாம்மா பிடிச்சு வெச்சுக்கும்." அக்கா தயங்காமல் பெட்டியை அறுத்தாள்.

புதுப் பெட்டியில் எந்த அளவும் இன்னொன்றுக்குச் சமமாகவோ மடங்காகவோ இல்லை. "ஒட்டகச்சிவிங்கி மாதிரி இருக்கு," என்று அம்மா சிரித்தாள்.

பதிவை ஓடவிட்டதும், பாட்டுக்கு முன்னால் டீச்சர் அன்று இழுத்த, இதுவரை கேட்காத ஒரு மூச்சு கேட்டது. டீச்சரின் கை தொண்டைத் தழும்பைத் தொட்டது. உதடுகள் திறந்தன.