கைக்குட்டை போட்ட நாற்காலி

எந்த ஊர் விமான நிலையமானாலும், லவுஞ்சுக்குள் நுழைந்ததும் குமுதவல்லி பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவிடுவாள். மகன் உயிரோடிருந்தபோது மூன்று பேருக்குமாகத் திட்டம் போட்டு வைத்த எட்டு மாதப் பயணம் இது.

"இதென்ன டவுன் பஸ்ஸா? எடுத்து உள்ள வை" என்று ஒவ்வொரு முறையும் கணவர் ராஜமாணிக்கம் கடிந்துகொள்வார்.

ஆறாவது மாதம் ஒரு லவுஞ்சில் அவள் மறந்துவிட்டாள். காப்பியோடு உட்கார்ந்து, "அடுத்த ஹோட்டல்ல வெந்நீர் வைக்க கெட்டில் இருக்குமாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு வெள்ளைக்காரர் காலி நாற்காலியைக் காட்டி ஏதோ கேட்டார்.

ராஜமாணிக்கம் தன் கைக்குட்டையை எடுத்து அதன்மேல் விரித்தார்.

"ஆள் வராங்க" என்றார், தமிழிலேயே.

வெள்ளைக்காரர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். குமுதவல்லி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.