எஞ்சினியர் வீட்டுச் சண்டை

"அம்மா, கோவத்தை விட்டுட்டு பங்களாவுக்குப் போயிருங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று கைகூப்பினார் கான்ட்ராக்டர் குருநாதன்.

தகரக் கொட்டகை வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த லீலா நிமிரவே இல்லை.

"கோவிச்சுக்கிட்டு வந்த முருகனே இன்னும் பழனி மலையை விட்டு எறங்கல. நான் மட்டும் அதுக்குள்ள திரும்பிப் போவேனாக்கும்?"

கூட உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்த மேஸ்திரி மனைவி ஜாஹிதா, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

பழனி மலைச் சரிவில் ஆற்றை மறித்துப் பெரிய அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அணை எழும்பும்வரை தண்ணீரைத் திருப்பிவிட, மேலே தற்காலிகமாக ஒரு மண்கரை போட்டிருந்தார்கள். அந்தக் கரைக்கு நேர் கீழே, பள்ளத்தில்தான் கூலியாட்களின் கொட்டகைகள். மழை வலுத்துக் கரை உடைந்தால், பிள்ளைகுட்டிகளோடு அத்தனை பேரையும் ஆறு கொண்டுபோய்விடும்.

கொட்டகைகளை மேட்டுக்கு மாற்றும்படி எஞ்சினியர் சேனாதிபதி சொல்லாத நாளில்லை. மாற்றினால் வேலை கெடும், மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று மழுப்பிக்கொண்டே இருந்தார் குருநாதன். மேலிடத்தில் அவருக்குச் செல்வாக்கு அதிகம். எஞ்சினியர் பேச்சு அங்கேயும் எடுபடவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் எஞ்சினியர் பங்களாவில் சண்டை மூண்டது. ரசத்தில் உப்பில்லை என்று அவர் கத்த, உங்கள் நாக்கில்தான் ருசியில்லை என்று அவர் மனைவி லீலா பதிலுக்குக் கத்த, தோட்டக்காரர் முதல் ஜீப் டிரைவர் வரை எல்லாரும் கேட்டார்கள். அன்று சாயங்காலமே லீலா இறங்கி வந்து, காலியாகக் கிடந்த ஒரு கொட்டகையில் குடியேறிவிட்டாள். தாய்வீடு தஞ்சாவூர்ப் பக்கம், அவ்வளவு தூரம் யார் போவது என்றாள்.

குருநாதனுக்குத் தூக்கம் போயிற்று. கூலியாட்கள் மட்டும் இருந்தபோது கண்ணுக்கே தெரியாத மண்கரை, எஞ்சினியர் மனைவி கீழே வந்ததும் மலையாக நின்று மிரட்டியது. ஏதாவது ஆகிவிட்டால் செல்வாக்கு ஒன்றும் காப்பாற்றாது. சேனாதிபதியிடம் ஓடி, நீங்களே வந்து கூப்பிடுங்கள் என்று கெஞ்சினார்.

"போனவளுக்குத் திரும்பி வர வழி தெரியும். எனக்குச் சோலி கெடக்கு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் அவர்.

குருநாதன் மறுபடி கொட்டகைக்கு வந்தார். "பங்களா வேண்டாம்மா. மேட்டுல நல்லதா ஒரு கொட்டகை போட்டுத் தர்றேன். அங்க இருந்துக்கிட்டுக் கோவமா இருங்க."

லீலா யோசித்தாள். "தனியா எப்படிங்க இருக்கிறது? ஜாஹிதா வந்தா வாறேன்."

ஜாஹிதா, பக்கத்துக் கொட்டகைக் கண்மணி இல்லாமல் வரமாட்டேன் என்றாள். கண்மணி தன் நாத்தனாரை விட்டு வரமாட்டாளாம். நாத்தனாருக்குத் தன் சம்பந்தி வீடு வேண்டுமாம். இப்படி ஒருத்தியைத் தொட்டு ஒருத்தியாக, கடைசியில் பள்ளத்தில் மிச்சம் என்று யாருமே இல்லை. தகரமும் மூங்கிலும் லாரி லாரியாக மேடேறின. தலையில் அடித்துக்கொண்டே, வெரசா ஏத்துங்கப்பா என்று குருநாதனே முன்னால் நின்று விரட்டினார்.

அடுத்த வாரம் மலைக்கு மேலே பூம்பாறைப் பக்கம் விடாத மழை. விடிந்ததும் எழுந்து வந்தவர்கள் மேட்டிலிருந்து கீழே பார்த்தார்கள். கரை இருந்த இடத்தில் கரை இல்லை. முந்திய வாரம்வரை அவர்கள் படுத்துறங்கிய பள்ளத்தில் செம்மண் தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. ஜாஹிதா தன் பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள்.

குருநாதன் எஞ்சினியரின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். "உங்க வீட்டம்மா கோவம்தாங்க இத்தனை உசிரையும் காப்பாத்திச்சு."

சேனாதிபதி நேரே போய் மனைவியைக் கூப்பிட்டார். அவளும் மறுபேச்சில்லாமல் வந்து ஜீப்பில் ஏறினாள். ஒருவழியாகச் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று பெண்களுக்கெல்லாம் சந்தோஷம்.

ஜீப்பை அவரே ஓட்டினார். வளைவு திரும்பி ஆட்கள் மறைந்ததும், மெல்லச் சொன்னார்.

"அடுத்த மாசம் சுரங்க வேலை ஆரம்பிக்குது லீலா. அது வேற கான்ட்ராக்டர். பாறை உருளுற சரிவுக்குக் கீழயே கொட்டகை போட்டிருக்கார். சொன்னாக் கேக்க மாட்டேங்கிறார்."

"அப்படியா? சரி, இந்தத் தடவை எதைச் சொல்லிச் சண்டை போடலாம்?" என்று கேட்டாள் லீலா.