வழவழப்பான கை

"போமி, சொறியாதேன்னு எத்தனை தடவைடி சொல்றது?"

மிரான் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். ஆறு வயதுப் போமியின் முழங்கை மடிப்பில் மறுபடியும் ரத்தம்.

எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு நோய் வந்த பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் மலைக்காட்டில் சுகாதார நிலையம் நடத்துகிற முகாம் அது. சியோலிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படிக் களிம்பு தடவுவது என்று காலையிலிருந்து பாடம். மிரானுக்கு எல்லாமே மனப்பாடம். தடவித் தடவி அவள் கைரேகை தேய்ந்ததுதான் மிச்சம், பிள்ளைக்குக் குறைந்தபாடில்லை.

"வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு என்னத்தடி தின்னேன்னு மாமியார் இன்னும் கேக்கறாங்க," என்றாள் பக்கத்து நாற்காலிக்காரியிடம். "நூடுல்ஸ் தின்னேன். அது ஒரு குத்தமா?"

"எங்க வீட்ல வறுத்த கோழி மேல பழி!" அவள் சிரித்தாள். "போமி அப்பா வரலையா?"

"ராத்திரி இவ அழுகை தாங்கலைன்னு ஆபீஸ்லயே படுத்துக்கறார். எனக்கும் தெம்பு இல்லக்கா. இதான் கடைசி. இனிமே எங்கயும் அலையப் போறதில்ல."

அப்போதுதான் சேரோம் அம்மா மேடையேறினாள். நோயை வென்ற குடும்பம் என்று வருஷா வருஷம் அழைக்கப்படுகிறவள். திரையில் ஒரு கைக்குழந்தையின் படம் வந்தது. முகம் முழுக்கப் புண், கண் எங்கே என்றே தெரியவில்லை. அரங்கில் யாரும் மூச்சு விடவில்லை.

"இப்பப் பாருங்க, என் சேரோம்!" என்று சிரித்தபடி ஒரு பெண்ணை முன்னால் இழுத்தாள். பள்ளியிறுதி வயது. கையில்லாத சட்டை. ஒரு தழும்பு கிடையாது. "நான் விடல. நீங்களும் விட்டுடாதீங்க!"

கைதட்டல் ஓய வெகுநேரமானது. மிரான் வாய்விட்டு அழுதாள். செத்துப்போயிருந்த ஆசை உள்ளே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

வெளியே, தண்ணீர்க் குழாயடியில் அந்தப் பெண் தனியாக நின்றிருந்தாள். மிரான் போமியை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"சேரோம், ஒரே ஒரு தடவை இவ உன் கையைத் தொட்டுப் பாக்கட்டும்மா."

போமி தொட்டாள். தடவினாள். நம்பாமல் திருப்பித் தடவினாள்.

"அக்கா, உனக்கும் என்னை மாதிரிதான் இருந்துச்சா?"

அந்தப் பெண் அரங்கு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கண்கள் யாரையோ தேடின.

"சொல்லும்மா. உன் வாயால கேட்டாத்தான் நம்புவா," மிரான் கெஞ்சினாள்.

"ஆமாடா செல்லம். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. உனக்கும் சரியாயிடும்."

போமி குதித்தாள். "எனக்குச் சரியாயிடுமாம்!" என்று கத்திக்கொண்டே மற்றப் பிள்ளைகளிடம் ஓடினாள்.

மிரான் நன்றி சொல்லத் திரும்பினாள். அந்தப் பெண் அவள் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டு விம்மினாள்.

"மன்னிச்சிருங்க ஆன்ட்டி, நான் சேரோம் இல்ல, அவ தங்கச்சி. அக்கா சொறியாம இருக்க ரெண்டு கையிலயும் உறையைக் கட்டிக்கிட்டு, வீட்ல ஜன்னலைச் சாத்திட்டுக் கெடக்கறா... இந்த மேடையில பொய் சொல்றப்ப மட்டும்தான் எங்கம்மா சிரிக்கறாங்க."