மடியில் ஒரு முட்டைப் பெட்டி

மணல் சூடேறிப் போனதிலிருந்து ஆமை முட்டைகளில் பெண் குஞ்சுகளே பொரித்தன. மணல் குளிர்ந்திருந்தால்தான் ஆண் பிறக்கும். ஆண் துணை கிடைக்காத ஆமைகள் கரையேறி இட்ட முட்டைகள் மண்ணுக்குள்ளேயே அழுகின. அந்த ஆண்டு ஒரே ஒரு குழியில்தான் கருப்பிடித்த முட்டைகள் இருந்தன. பூங்கோதை அவற்றை மணலோடு ஒரு தெர்மோகோல் பெட்டியில் எடுத்துவந்து, கொடும் வெயிலுக்கு ஒதுங்க வீட்டுக்கொன்றாக அரசு கொடுத்திருந்த சின்னக் குளிர் அறையில் வைத்தாள். பொரிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அவளும் கணவன் நாகமுத்துவும் வெளியே புழுக்கத்தில் படுத்தார்கள்.

செய்தி எட்டி, குளிர் வழங்கும் அலுவலகத்து அதிகாரி விமலநாதன் வந்தார்.

"இது மனுஷங்களுக்குக் குடுத்த குளிர். முட்டைக்கு இல்ல."

"எங்க பங்கத்தான சார் குடுக்கறோம்," என்றான் நாகமுத்து. "நான் வெயிலத் தாங்கிக்குவேன். அதுங்க ஆம்பளயா பொறக்கணும்."

அதிகாரி குளிர் அறையின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்.

பூங்கோதை பெட்டியை அலுங்காமல் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து, அவருடைய அலுவலகத்துக்கே போனாள். கூடம் சில்லென்றிருந்தது. முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இங்க எதுக்கும்மா வந்த?" என்றார் விமலநாதன்.

"மனுஷங்களுக்கான எடந்தான சார். நானும் மனுஷிதான்."

"அந்தப் பெட்டிய வெளிய வை."

"அது எடம் அடைக்கல சார். என் மடியிலதான் இருக்கு."

மனு கொடுக்க வந்திருந்த பெண்கள் நகர்ந்து, அவள் சாய்ந்துகொள்ள இடம் விட்டார்கள். விமலநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, எப்பக் கெளம்புவ?"

"குஞ்சு பொரிஞ்சதும்."