எந்த ஷிப்ட்?

"எந்த ஷிப்ட்டும்மா?" என்று கேட்டாள் வீட்டுக்காரி கிளியம்மாள்.

கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்தில் அறை தேடினால் முதல் கேள்வி இதுதான். பகல் வேலைக்காரர் எழுந்து போன கட்டிலில் இரவு வேலைக்காரர் வந்து படுப்பார்.

"வேலை இல்லக்கா, பாலிடெக்னிக்குல படிக்கேன். ரூம் கிடைக்கலன்னா அப்பா ஊருக்கே கூட்டிட்டுப் போயிருவாக," என்றாள் தங்கமாரி.

"காலேஜ் பகல்லதானே? அப்போ ராத்திரிக்குக் கட்டில் உனுக்கு. பகல்ல ஒரு நைட் ஷிப்ட்டுக்காரி தூங்குவா. ஞாயித்துக்கெழம மட்டும் ஒருத்தி பாய்ல படுத்துக்கணும்."

தங்கமாரிக்கு உயிர் வந்தது. "அந்த அக்கா எப்படிக்கா?"

"கொறட்டை வுடுவா. வாய் ஜாஸ்தி. ஆனா தங்கமான மனசு."

சொல்லிக்கொண்டே கிளியம்மாள் கொடியில் கிடந்த கம்பெனி சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"பஸ் வந்துடும். சாவியப் புடி. காலைல எனக்கு நீதான் கதவத் தொறக்கணும்."